புதுப்பிப்பு: மகளின் ரத்தசோகை, ஃபெரிட்டின் முடிவு வந்துவிட்டது

மூன்று வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 8.9 என்று வந்ததையும், சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருப்பதாக ரிப்போர்ட் சொன்னதையும் முன்பு எழுதியிருந்தேன். இரும்புச்சத்துக் குறைவா, பரம்பரையாக வரும் தலசீமியாவா என்பதுதான் அப்போதைய கேள்வி. இரண்டிலுமே அணுக்கள் சிறுத்துத்தான் தெரியும்.

ஃபெரிட்டின் பார்த்தார்கள், வெறும் 6. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு அது. இந்த வயதில் 12-க்குக் கீழே போனாலே கையிருப்பு தீர்ந்ததாகக் கணக்கு. ஆக, இரும்புதான். பாலைத் தவிர எதையும் சரியாகத் தொடமாட்டாள் என்று சொன்னதைத்தான் டாக்டர் பிடித்துக்கொண்டார். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிறும் அதிலேயே நிறைந்துவிடும்.

சிரப் தொடங்கிய இரண்டாவது வாரம் பார்த்தால் ஹீமோகுளோபின் பெரிதாக நகரவில்லை. எனக்குச் சப்பென்றாகிவிட்டது. ஆனால் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை எகிறியிருந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் ரத்தத்துக்கு வந்த இளம் சிவப்பணுக்கள் அவை. முதலில் அவை ஏறும், ஹீமோகுளோபின் பின்னால்தான் வரும். ஒரு மாதத்தில் 10.4 ஆனது. இந்த வயதுக்கு 11 வேண்டும்.

பல் கறுக்காதா என்று கேட்டவர்களுக்கு: சிரிஞ்சால் நாக்கின் பின்பக்கம் மெதுவாக விட்டு, உடனே தண்ணீர் கொடுக்கிறோம். மலம் கறுப்பாகப் போவது சிரப்பால் வருவதுதான். பாலோடு மட்டும் கொடுக்காதீர்கள், இரும்பு சரியாக உறிஞ்சப்படாது.

அப்புறம், 11-ஐத் தாண்டினாலும் நிறுத்தக்கூடாதாம். கையிருப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். பாலை அரை லிட்டருக்குள் குறைக்கச் சொன்னதில்தான் வீட்டில் தினமும் சண்டை.