புதுப்பிப்பு: நோர்ச்சாவிலிருந்து பதில் வந்துவிட்டது

2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்தில் இத்தாலியின் அமத்ரீச்சே பகுதியில் ஏறக்குறைய 300 பேர் இறந்தபோது, பக்கத்து நோர்ச்சாவில் நாங்கள் விடுமுறைக்குத் தங்கிய வீட்டுக்கார அம்மாவை நினைத்துப் பதறி எழுதியிருந்தேன். அப்போது தப்பிவிட்டார். அக்டோபர் 30 காலையில் அதைவிடப் பெரிதாக, 6.5 அளவில், நோர்ச்சாவுக்குப் பக்கத்திலேயே குலுங்கியது. அவ்வூரின் புனித பெனடிக்ட் பேராலயம் அன்று இடிந்து முகப்புச் சுவர் நின்றது. நான்கு நாள் முன்பு வந்த அதிர்வுகளுக்குப் பயந்து பலர் வீட்டுக்கு வெளியே படுத்ததால்தான் உயிர் பிழைத்தார்கள்.

அந்த அம்மாவும் காரில்தான் தூங்கியிருக்கிறார். இப்போது திராசிமேனோ ஏரிக்கரை விடுதியொன்றில் இருக்கிறாராம். "உயிரோடு இருக்கிறேன், வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார்கள்" என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருக்கிறார். பனிக்காலம் நெருங்குகிறது, ஆடுமாடுகளை விட்டுவர மனமில்லாமல் மலையிலேயே தங்கிவிட்டவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.