கண்ணாடி ஜாடியில் பாசி, கூடவே குட்டி ஈக்கள்: எங்கே தப்பு செய்கிறேன்?

ஜன்னலோரம்:
மண் இல்லாமல் தண்ணீரிலேயே நான்கு செடிகள் வளர்க்கிறேன். மணி பிளான்ட் இரண்டு, சின்கோனியம் ஒன்று, சுட்ட களிமண் உருண்டைகளில் நிற்கும் பீஸ் லில்லி ஒன்று. ஆறு மாதம் பிரச்சினையே இல்லை. இப்போது ஒரு மாதமாக ஜாடியின் உள்பக்கம் பச்சையாகப் படிகிறது. விரல் வைத்தால் வழவழவென்று இருக்கிறது. வாராவாரம் தண்ணீரை மாற்றி, தேய்த்துக் கழுவி வைத்தாலும் ஐந்தாறு நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. போதாக்குறைக்குக் கறுப்பாகக் குட்டி ஈக்கள் வேறு. மண்ணே இல்லாத இடத்தில் இவை எங்கிருந்து வந்தன? செடிக்குச் சத்து போதவில்லையோ என்று திரவ உரத்தைக் கூட்டியும் பார்த்தேன். பாசிதான் செழித்தது.

தும்பை:
கடைசி வரியில் பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மீதிக்குச் சில விவரங்கள் வேண்டும். ஜாடிமேல் நேர் வெயில் படுகிறதா? உரம் எவ்வளவு விடுகிறீர்கள்? நான்கிலுமே பாசியா? ஈ பார்க்க எப்படி இருக்கிறது, கொசு போல மெலிந்து கால் நீண்டா, அல்லது கட்டையாகவா?

ஜன்னலோரம்:
காலையில் இரண்டு மணி நேரம் வெயில் விழும். உரம் லிட்டருக்கு 2 மில்லி, புட்டியில் போட்டிருக்கிறபடி. பிறகு 3 ஆக்கினேன். ஈ கொசு மாதிரிதான், பீஸ் லில்லியைச் சுற்றித்தான் அதிகம். நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்: ஒரு மணி பிளான்ட் மட்டும் பழுப்புப் பீங்கான் குவளையில் இருக்கிறது. அதே தண்ணீர், அதே உரம், அதே ஜன்னல். அதில் துளி பாசி இல்லை!

தும்பை:
அந்தக் குவளைதான் உங்கள் பதில். பாசிக்கு வெளிச்சம், தண்ணீர், உரம் மூன்றும் வேண்டும். அதன் வித்து காற்றிலும் வரும், குழாய்த் தண்ணீரிலும் வரும், அதைத் தடுக்க முடியாது. தண்ணீருக்குப் போகும் வெளிச்சத்தைத் தடுக்கலாம். ஜாடியைக் கறுப்புத் தாளால் சுற்றி, அதன்மேல் வெள்ளைத் தாளோ அலுமினியத் தாளோ சுற்றுங்கள். வெறும் கறுப்பு மட்டும் என்றால் வெயிலில் தண்ணீர் சூடாகிவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வேருக்கு மூச்சு முட்டும்.

ஜாடியின் வாயை மூட மறந்துவிடாதீர்கள். தண்டு நுழையும் அளவுக்குக் கீறல் போட்ட ஒரு வட்ட அட்டை போதும். நான் பழைய காலுறையின் விரல் பக்கத்தை வெட்டிவிட்டு ஜாடிக்கு மாட்டியிருக்கிறேன். கீழே இழுத்தால் நீர்மட்டம் தெரியும், விட்டால் மூடிக்கொள்ளும். அழகாக இருக்காது, அது வேறு விஷயம்.

உரத்தைப் புட்டியில் எழுதியதில் கால் பங்காகக் குறையுங்கள். இடையில் தண்ணீர் குறைந்தால் வெறும் தண்ணீர் மட்டும் விடுங்கள். செடி தண்ணீரைக் குடித்துவிடும், உரத்தின் உப்பு பெரும்பாலும் ஜாடியிலேயே தங்கும். ஒவ்வொரு தடவையும் உரத்தண்ணீரே விட்டால் கரைசல் நாளுக்கு நாள் கெட்டியாகும்.

பாசி நேரடியாகச் செடியைக் கொல்லாது. ஆனால் பகலில் கரைந்த கரியமில வாயுவை இழுத்து, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை ஏற்றும். அது 7-ஐத் தாண்டினால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் புதுத் தளிர் வெளுக்கும். இரவில் ஆக்சிஜனுக்கு வேரோடு போட்டி போடும். செத்து அழுகினால் இன்னும் மோசம், ஈக்கு அதுதான் விருந்து.

நீர்முள்ளி:
ஈ பற்றி நான் சொல்கிறேன். கொசு சாயல் என்றால் அது பூஞ்சை ஈ. புழு கண்ணாடி போல வெளுத்து, தலை மட்டும் கறுப்பாகப் பளபளக்கும். பூஞ்சை, பாசி, அழுகிய வேர் எல்லாம் தின்னும். கூட்டம் பெருகினால் இளம் வேர் நுனியையும் விடாது. உங்கள் பீஸ் லில்லியில் மேல் உருண்டைகள் எப்போதும் ஈரமாக இருக்கின்றனவா? அப்படியானால் நீர்மட்டத்தை அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்ந்தே இருக்கட்டும்.

மஞ்சள் ஒட்டும் அட்டை வையுங்கள், ஆனால் அதில் மாட்டுவது பறக்கும் ஈ மட்டும்தான். புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாப் பொடியைத் தண்ணீரில் கலந்து விடலாம், கொசுப்புழுவுக்குப் போடுவது. பொட்டலத்தில் 'குர்ஸ்டாகி' என்று போட்டிருந்தால் அது அதே பாக்டீரியாவின் வேறு ரகம், கம்பளிப்புழு வகைக்கு, இங்கே வேலை செய்யாது. முட்டையிலிருந்து ஈ ஆக மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் ஈ குறைந்தது என்று நிறுத்திவிடாதீர்கள்.

கல்தாமரை:
இவ்வளவு எதற்கு? ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் ஒரே நாளில் பாசி காலி.

தும்பை:
காலியாகும், ஆனால் திரும்பி வரும். 3 சதவீதக் கரைசலை லிட்டருக்கு 3 மில்லி, ஒரு தடவை விடுவதில் தப்பில்லை. ஆனால் நல்ல நுண்ணுயிரையும் சேர்த்தே அடிக்கும், வெளிச்சம் அப்படியே இருந்தால் அடுத்த வாரம் மறுபடியும் பச்சை. ப்ளீச் என்றால் காலி ஜாடிக்கு மட்டும்.

ஜன்னலோரம்:
மேல் உருண்டைகள் ஈரம்தான், தலைவரை தண்ணீர் வைத்திருந்தேன். இன்னொன்று: லில்லியின் வேர் சில பழுப்பாக இருக்கின்றன. அழுகலா?

நீர்முள்ளி:
இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். கெட்டியாக இருந்தால் வெறும் உரக்கறை. மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல், நாற்றமும் அடிக்கும். அவற்றைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். பழைய மண் துணுக்கு வேரிடுக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மண்ணிலிருந்து மாற்றிய செடி என்றால் ஈ அதோடுதான் வந்திருக்கும்.

ஜன்னலோரம்:
நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். இழுத்துப் பார்த்ததில் மூன்று வேர் உறை கழன்றன, வெட்டினேன். வேர் நடுவில் கோலிக்குண்டு அளவு மண் கட்டி இருந்தது! ஜாடிகளுக்குக் காலுறை மாட்டியாயிற்று. பாசி இல்லை. அட்டையில் இந்த வாரம் இரண்டே ஈ. இருவருக்கும் நன்றி. ஆனால் நேற்று வாங்கிய புது சின்கோனியத்தின் இலைக்கணுவில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ இருக்கிறது.

தும்பை:
மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், வாரம் ஒருமுறை, காணாமல் போகும்வரை. வேப்பெண்ணெய் அடிப்பதானால் இலைக்கு மட்டும், ஜாடித் தண்ணீரில் விழக்கூடாது. முதலில் அதை மற்ற நான்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஜன்னலோரம்:
வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டேன்.