மீன்கொத்தியின் நெஞ்சு சேறாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
ஒரு மாதமாகத் தூரிகையைத் தொடவில்லை. எண்ணெய் வண்ணத்தை வெறும் ஓவியக் கத்தியால்தான் பூசி வரைகிறேன். எலுமிச்சை, கண்ணாடிக் குடுவை எல்லாம் நன்றாகவே வந்தன. மீன்கொத்தியிடம்தான் மாட்டிக்கொண்டேன். நெஞ்சின் ஆரஞ்சு சிறகின் நீலத்தைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு முறையும் பழுப்புச் சேறு! அந்த நீலத்துக்காகத்தான் இந்தப் பறவையையே எடுத்தேன்.

பதில் 1:
நீலமும் ஆரஞ்சும் எதிர் நிறங்கள், கலந்தால் மங்கத்தான் செய்யும். ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் துணியில் துடைத்துவிடுங்கள். அப்புறம், கத்தியின் விளிம்பில் ஒரு பட்டாணி அளவு வண்ணம் எடுத்து, இறகு வளரும் திசையில் ஒரே இழுப்பு. பிடிக்கவில்லையா, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அதன் மேலேயே திரும்பத் தேய்த்தால் அடியில் உள்ளது மேலே வந்துவிடும்.

பதில் 2:
அவசரம் இல்லையென்றால் நீலத்தை முதலில் முடித்து, காயவிட்டு ஆரஞ்சுக்குப் போங்கள். எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து இறுகுகிறது. அதனால் தடித்த பூச்சில் மேல்தோல் காய்ந்தாலும் உள்ளே பல மாதம் ஈரம் இருக்கும். வார்னிஷை அவசரப்பட்டு அடிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்றிரவு முழுவதையும் சுரண்டிவிட்டு, துடைத்துத் துடைத்துப் போட்டேன். இரண்டு நிறத்துக்கும் நடுவே மயிரிழை அளவு அடிப்பூச்சு தெரியும்படி விட்டேன். சிறகு ஜொலிக்கிறது! கண் மட்டும் பாக்கி. கத்தி முனையால் ஒரு வெள்ளைப் புள்ளி, கறுப்பு காய்ந்த பிறகு.