ஹீத் ராபின்சன் பாணி எந்திரப் படம்: சிரிப்பு ஏன் வரவில்லை?

கேள்வி:
சின்ன வேலைக்கும் சிக்கலான எந்திரங்களை வேடிக்கையாக வரைந்த ஆங்கிலேய ஓவியர் டபிள்யூ. ஹீத் ராபின்சன் (1872–1944) பாணியில், தூங்குபவரைத் தண்ணீர் ஊற்றி எழுப்பும் எந்திரம் ஒன்றை வரைந்திருக்கிறேன். பற்சக்கரம், குழாய், சுருள்வில் எல்லாம் இருபதுக்கு மேல். பக்கத்தில் ஒருவர் கண்ணை உருட்டிச் சிரிக்கிறார். பார்ப்பவர்கள் "நிறைய உழைச்சிருக்கீங்க" என்கிறார்களே தவிர, சிரிக்கவில்லை. பாதியாகச் சுருக்கி அச்சிட்டால் நிழல்கோடுகளும் அப்பிக்கொள்கின்றன. எல்லாமே 0.5 மி.மீ. பேனா. எங்கே தவறு?

பதில் 1:
முதலில் அந்தச் சிரிப்பை அழியுங்கள். ராபின்சனின் எந்திரங்களை இயக்குபவர்கள் கருமமே கண்ணாயினார். மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உலகமே அதில் தொங்குவதுபோல் நிற்பார். படத்தில் இருப்பவர் சிரித்துவிட்டால் பார்ப்பவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

அடுத்தது பொருள்கள். பற்சக்கரமும் சுருள்வில்லும் தொழிற்சாலைச் சரக்கு. அவருடைய எந்திரமோ வீட்டில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டது. கயிறுகூட முழுக்கயிறு கிடையாது, துண்டுதுண்டாக முடிந்தது. ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனிகளை விடாமல் வரையுங்கள், பாதி வேலையை அவையே செய்துவிடும்.

கடைசிச் செயலிலிருந்து பின்னோக்கி வரைவது நல்லது. வாளியைக் கவிழ்ப்பது கயிறு. கயிற்றை இழுப்பது எடைக்கல். எடைக்கல்லைக் கட்டிய நூலைப் பொசுக்குவது மெழுகுவத்தி. ஐந்தாறு படி போதும். பென்சில் நிலையிலேயே கயிற்றின் மேல் விரல் வைத்துத் தொடர்ந்து போங்கள். விரல் தடுமாறும் இடத்தில் பார்ப்பவர் கண்ணும் தடுமாறும். பெரும்பாலும் தவறுவது கப்பியில்தான்: நிலையான கப்பியில் ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறியே ஆக வேண்டும். வாளியை இரு பக்கமும் அச்சில் மாட்டி, கயிற்றை அடிவிளிம்பில் கட்டுங்கள். வாய்ப்பக்கம் கட்டி மேலே இழுத்தால் வாளி நிமிருமே தவிர, கவிழாது. பொருத்தமில்லாத நோக்கத்துக்குப் பொருத்தமான இயக்கவியல், அதுதான் இந்தப் பாணி.

பதில் 2:
அச்சு விஷயம் மட்டும். பாதியாகச் சுருக்கும்போது 0.5 கோடு 0.25 ஆகிறது, கோடுகளுக்கு இடையிலுள்ள வெளியும் அப்படியே பாதியாகிறது. மை கொஞ்சம் பரவினாலே அந்த வெளி அடைந்துபோகும். அச்சளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள், அது போதும். வெளிக்கோட்டுக்கு 0.5, நிழலுக்கு 0.3, நிழல்கோடுகளுக்கு நடுவே குறைந்தது 1 மி.மீ. குறுக்குக்கோடு இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். அதற்கும் கருமையாக வேண்டுமென்றால் அந்த இடத்தை மையால் முழுதாக நிரப்பிவிடுங்கள். பழைய துத்தநாகக் கோட்டு பிளாக் (கோடுகள் மட்டும் மேடாக நிற்கும் அச்சுத்தகடு) அச்சில் ஒன்று கருப்பு, இல்லையேல் வெள்ளை. சாம்பல் நிறம் கிடையாது. அதனால் பழைய பேனா ஓவியங்களைக் கவனித்தால் எங்கே வெள்ளையாக விட்டார்கள் என்பது நன்றாகப் புரியும். நீர்த்த மையால் பூசினால் அதற்குப் புள்ளித்திரை பிளாக் (சாம்பல் நிறத்தைச் சிறுசிறு புள்ளிகளாகக் காட்டும் தகடு) வேண்டியிருந்தது. இப்போது ஸ்கேன் செய்வதானால் வெறும் கோட்டுக்கு 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) கருப்பு-வெள்ளை; பூச்சு இருந்தால் சாம்பல்நிறப் பதிவு.

பதில் 3:
எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஆளை மறந்துவிடாதீர்கள். ராபின்சன் லண்டனில் ஓவியர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பத்திரிகை ஓவியர். அண்ணன்கள் தாமஸ், சார்லஸ் இருவரும் புத்தக ஓவியர்கள். ராயல் அகாடமி பள்ளியில் படித்து, நிலக்காட்சி ஓவியராக விரும்பி, அதில் பிழைப்பு நடக்காமல்தான் புத்தகப் படங்களுக்கு வந்தார். 1902-இல் அவரே எழுதி வரைந்த 'அங்கிள் லூபின்' வந்தது. உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை அந்தக் கை அறிந்திருந்தது. அதனால்தான் நம்ப முடியாத எந்திரத்தையும் நம்புகிறோம்.

அவர் பெயர் ஆங்கிலத்தில் ஒட்டுப்போட்ட எந்திரங்களுக்கே பெயராகிவிட்டது. 1943-இல், பிரிட்டனின் போர்க்கால ரகசியக் குறியீட்டு உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைக்கக் கட்டிய ஒரு கருவிக்கும் 'ஹீத் ராபின்சன்' என்றே பெயர். அதில் இரண்டு காகித நாடாக்கள் ஒன்றாக ஓட வேண்டும். நாடா இழுபட்டு நீண்டால் ஒத்திசைவு போய்விடும்.

கேட்டவர்:
வாளிக் கயிறு வாய்ப்பக்கம்தான் கட்டியிருந்தது. மாற்றுகிறேன். சிரிப்பவரையும் எடுத்துவிட்டேன், மெழுகுவத்தியைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பெரியவர் அந்த இடத்துக்கு வருகிறார்.