இரண்டு லிபோ பேட்டரி பேரலலில்: கண்காணிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. நான்கு சக்கர ரோபோ ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஓடும் நேரம் போதவில்லை. அதனால் 3 எஸ் (மூன்று செல்கள் தொடராக உள்ளது), 5000 எம்ஏஎச் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பேக் இரண்டை பேரலலில் இணைக்கப் போகிறேன். இரண்டும் ஒரே மாடல், ஒன்றாக வாங்கியவை.

இணைக்கும் முன் வோல்டேஜ் சமமாக இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. பேக், வயர், கனெக்டர் எல்லாம் சேர்த்து மின்தடை 20 மில்லிஓம் என்று வைத்தால்கூட, 0.6 வோல்ட் வித்தியாசத்துக்கே 30 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். ஆகவே செல் செல்லாக அளந்து பார்த்த பிறகே இணைப்பேன்.

குழப்பம் கண்காணிப்பில்தான். பேலன்ஸ் வயர்களையும் (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனியே அளக்க உதவுபவை) பேரலலில் சேர்த்தால், வோல்டேஜ் குறைந்தால் கத்தும் அலாரம் ஒன்றே போதும். ஆனால் ஓடும்போது ஒரு மெயின் கனெக்டர் கழன்றால், அந்த பேக்கின் கரண்ட் மெல்லிய பேலன்ஸ் வயர் வழியே போகத் தொடங்கும். வயர் உருகிவிடும் என்பதுதான் என் பயம். அதனால் பேலன்ஸ் வயர்களைச் சேர்க்காமல், பேக்குக்கு ஒரு அலாரம், செல்லுக்கு 3.5 வோல்ட் என்று வைக்க நினைக்கிறேன். இது சரியா?

அப்படியும் ஒரு ஓட்டை இருக்கிறது. கழன்ற பேக்கின் வோல்டேஜ் இறங்காது, அலாரமும் கத்தாது. மற்ற பேக் மட்டும் முழுச் சுமையையும் இழுக்கும். பேக்குக்கு ஒரு கரண்ட் சென்சார் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மோட்டார்கள் உச்சத்தில் 40 ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொரு பேக்குக்கும் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடலாம்? சார்ஜ் தனித்தனியாகத்தான் செய்வேன். செய்து பார்த்தவர்கள் வயரிங் படத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.