மதுரையில் நடை சாத்தின நேரத்தில் எங்கே போனீர்கள்?

மதியம் பன்னிரண்டரைக்கு மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்திவிட்டார்கள். திறக்க நாலு மணி ஆகும். ஜிகர்தண்டா குடித்தும் பொழுது போகவில்லை. ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கு, ஆனா காலையில போற இடம் சார்" என்றார். சித்திரை மாதம். நான்தான் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியவன் அப்படியே நடந்துவிட்டேன். அதற்கான தண்டனை பிறகு.

முதலில் செட்டிப்புடவு. குகை ஓரத்தில் ஆளைவிடப் பெரிதாக ஒரு தீர்த்தங்கரர், அதாவது சமணர்களின் ஞானகுரு, அமர்ந்திருக்கிறார். உள்ளே கூரையை ஒட்டி, சிங்கத்தின் மேலிருந்து யானைமேல் வந்தவனோடு சண்டையிடும் இயக்கி, சமணர்களின் காவல் பெண்தெய்வம். அவளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம், இவர் மகாவீரரா என்று கேட்டேன்.

"என்னமோப்பா, எங்களுக்கு அவரு செட்டியாரு. காதைப் பாரு, எம்புட்டு நீளம்! கடுக்கன் போட்டு வளர்ந்த காது."

புடவு என்றால் குகை. பெயர்க்காரணம் கேட்காமலே கிடைத்தது.

அப்புறம் பேச்சிப்பள்ளம். படி ஏறுவதற்குள் பாறை சுட்டு, கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் தாவினேன். மேலே வரிசையாக எட்டுச் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டில் இங்கே சமணப் பள்ளி நடந்திருக்கிறது. எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் விரல் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். நீங்கள் எல்லாரும் எங்கே போனீர்கள்?

*

பாதம் ஆறிவிட்டதா அண்ணே? வெயிலுக்குப் பயந்த நான் மேலமாசி வீதியைத் தாண்டவில்லை. சட்டை எடுக்கக் கதர்க்கடைக்குள் போனேன். பில் போட்டவர் என் பையைப் பார்த்து, "வெளியூரா? அப்ப மாடியையும் பார்த்துட்டுப் போங்க" என்றார். 1921 செப்டம்பரில் காந்தி தங்கிய வீடு அது. 22ஆம் தேதி காலையில் அரையாடையோடு வெளியே வந்தது அங்கிருந்துதான். இத்தனை வருடம் அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன், தெரியாது! காந்தி அரையாடைக்கு மாறின இடத்தில் நான் முழுக்கைச் சட்டை வாங்கினேன் என்று வீட்டில் இன்னும் கேலி.

விளக்குத்தூண் பக்கம் போனால் பத்துத்தூண் சந்துக்குள்ளும் நுழைந்து பாருங்கள். அங்குள்ள தூண்கள் திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்பதால் தலையைத் தூக்கினால்தான் தெரியும்.

*

என் ஓட்டு மதுரைக்கு வெளியே, மலைக்குகைகள் இருக்கும் மாங்குளத்துக்கு. மீனாட்சிபுரத்திலிருந்து மலையேற வேண்டும், துணையில்லாமல் போகாதீர்கள். எனக்கு ஊர்ப் பையன் ஒருவன் வழி காட்டினான், ஏழாவது படிக்கிறான். குகையின் நெற்றியில் இருந்த தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்தைக் காட்டி, "இது க, கூட்டல் குறி மாதிரி இருக்கும்" என்றான். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டு அது, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலம். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குச் செய்துகொடுத்த படுக்கை. வழவழவென்று இருக்கும் அந்தக் கல்லில் பையன் சட்டென்று படுத்துக் காட்டினான். "படுத்துப் பாருங்க மாமா, வெயில் காலத்துலயும் ஜில்லுனு இருக்கும்."

படுத்தேன். நாலு மணி நடைத் திறப்பைத் தவறவிட்டேன்.