15 சதவீதம் லாபம் வெச்சும் கையில 6 கூட நிக்கறதில்லீங்க, எங்க போகுது?

கேள்வி – திருப்பூர்
வணக்கமுங்க. 1,200 சதுர அடி வீடு, மெட்டீரியலோட காண்ட்ராக்ட். பொருளும் கூலியும் 24 லட்சம்னு கணக்குப் போட்டு, மேல லாபம் 15 சதவீதம் சேத்து 27.6 லட்சம், அதாவது சதுர அடி 2,300ன்னு பேசியாச்சு. சாவி குடுக்கறப்ப 6 சதவீதம்கூடத் தேறலை. ஓட்டை எங்கீங்க?

பதில் – ஈரோடு
மொதல்ல கணக்கே தப்புங்க. 24 மேல 3.6 ஏத்தினா, 27.6ல அது 13 சதவீதம்தான். பில்லுல 15 நிக்கோணும்னா 24ஐ 0.85ஆல வகுக்கோணும்: 28.24 லட்சம். இங்கயே 64 ஆயிரம் போச்சு.

அப்பறம் சூப்பர்வைசர் சம்பளம். மாசம் 20,000, ஏழு மாசம்னா 1.4 லட்சம். அது அந்த 24க்குள்ள இல்லீன்னா லாபம் 8 சதவீதத்துக்கு எறங்கிரும். மத்திய பொதுப்பணித் துறை ரேட் அனாலிசிஸ்லயே (வேலைக்கு விலை கட்டற கணக்கு) 15ங்கறது லாபமும் நிர்வாகச் செலவும் சேந்ததுதான். கம்பி சதுர அடிக்கு 4 கிலோ, மொத்தம் 4,800. கிலோவுக்கு 5 ரூபா ஏறினா 24,000. சிமென்ட் 480 மூட்டை, மூட்டைக்கு 20 ஏறினா 9,600. இப்ப நிக்கறது 6.75 சதவீதம். வேலை எட்டாம் மாசத்துக்கு இழுத்தா இதுவும் நிக்காது.

பதில் – பல்லடம்
எறங்கற லோடை அளக்கறீங்களா? எம்-சாண்ட் (கல்லை அரைச்ச மணல்) 3 யூனிட்னு பில் வரும். டிப்பர்ல குவிச்சிருக்கறதைத் தட்டி மட்டம் பண்ணி, நாலு மூலைலயும் நடுவுலயும் கம்பி விட்டுப் பாருங்க. உள்ளளவு நீளம் 14 அடி, அகலம் 7, ஒசரம் 2.75 வந்தா 269.5 கனஅடிதான். யூனிட்டுக்கு 100 கனஅடின்னா 300 வரோணும், 30 குறையுது. ஈரமா வந்தா உப்பி நிக்கும், அதுலயும் போகும்.

செவுரு தூக்கு தப்பி, செங்குத்தா நிக்காம இருந்தா 12 மி.மீ. பூச்சு 20 ஆயிரும். 1:5 கலவைல (சிமென்ட் 1, மணல் 5) ஆயிரம் சதுர அடிக்கு நாலரை மூட்டை சிமென்ட் கூடுதலா முழுங்கும். கட்டறப்பவே தூக்குக்குண்டு பிடிச்சுப் பாக்கோணும். பூசறப்பப் பாத்துப் பிரயோஜனமில்லை.

பதில் – உடுமலை
அஸ்திவாரத்தை விட்டுட்டீங்களே. கரிசல் மண்ணுல 5 அடி ஆழம்னு பேசி 7க்குப் போனா, 4×4 அடி குழி 12 இருந்தா 384 கனஅடி தோண்டற வேலை அதிகம். தூணும் ஒவ்வொண்ணும் 2 அடி நீளும். தோண்டின கரிசலைத் திருப்பிக் கொட்டக் கூடாதுங்க, ஈரத்துல உப்பும், காஞ்சா சுருங்கும்; கிராவல் மண்ணு வெளிய இருந்து வரோணும். அக்ரிமெண்ட்ல 5 அடிக்கு மேல கனஅடிக்கு இவ்வளவுன்னு எழுதுங்க. கம்பி, சிமென்ட் இன்னைக்கு விலையையும் எழுதி, ஏறினாலும் எறங்கினாலும் வித்தியாசம் வீட்டுக்காரருக்குன்னு கையெழுத்து வாங்கிருங்க. சம்ப் (தரைக்கடியில தண்ணித் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவரு தனி ரேட்.

கேள்வி – திருப்பூர்
சம்ப்புக்கு லிட்டர்ல ரேட் போடலாங்களா?

பதில் – உடுமலை
போடலாங்க, உள்ளளவுக்கு. ஒரு கனஅடி 28.3 லிட்டர். 8×8×5.5 அடின்னா பத்தாயிரத்தை ஒட்டி வரும்.